கட்டம் கட்டமாத் தெரியுது: தமிழ் எழுத்து போனுக்குள் வந்த கதை

1. கேள்விகள்

"அண்ணா, எனக்கு மட்டும் கட்டம் கட்டமாத் தெரியுது. என்ன பண்றது?"

"தமிழ் தெரியுது, ஆனா கொம்பு எல்லாம் தள்ளித் தள்ளி நிக்குது."

"தமிழ்ல ஒரு மெசேஜ் அனுப்பினா மூணு மெசேஜ் காசு போகுதே, ஏன்?"

"இந்தக் கீபோர்டைப் போட்டா பாஸ்வேர்டு போயிடும்னு போனே சொல்லுது. போடலாமா, வேணாமா?"

ஏறக்குறைய 2006-இலிருந்து 2015 வரை, தமிழ் வாசிக்கத் தெரிந்து கையில் போனோ டேப்லெட்டோ வைத்திருந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இந்த மாதிரிதான் இருக்கும். கேட்டவர் யாரென்று இன்று நினைவில்லை. பதில் சொன்னவர் பெயரும் எங்கும் பதிவாகவில்லை. கம்ப்யூட்டர் படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி, ஊர்ப் பேருந்து நிலையத்துச் செல்போன் கடைக்காரர், ஆபீசில் 'அவருக்கு இதெல்லாம் தெரியும்' என்று கைகாட்டப்படும் ஒருவர். இவர்கள்தான் பதில் சொன்னார்கள். சிக்கல் தீர்ந்ததும் கேள்வியும் பதிலும் சேர்ந்தே மறந்துபோயின.

தமிழ் எழுத்தின் வரலாற்றைச் சொல்லும்போது சில நிறுத்தங்கள் தவறாமல் வரும். குகைத்தளத்துத் தமிழி, வட்டெழுத்து, ஓலைச்சுவடி, 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்', ஏகார ஓகாரங்களுக்கு வீரமாமுனிவர் செய்த திருத்தம், 1978-இன் எழுத்துச் சீர்திருத்த ஆணை. அதற்குப் பிறகு 'யூனிகோடு வந்தது' என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறோம்.

ஆனால் யூனிகோடு வந்த நாளும், அது நம் உள்ளங்கைக்கு வந்த நாளும் ஒன்றல்ல. நடுவே இருபது வருடம் கிடக்கிறது. யூனிகோட்டின் முதல் பதிப்பு 1991-இல் வெளியானபோதே அதில் தமிழுக்கு இடம் இருந்தது. விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன் ஒன்றை வாங்கி, பெட்டியைப் பிரித்து, எதையும் தொடாமல் தமிழைப் படிக்க முடிந்ததோ 2012, 2013 வாக்கில்தான். அந்த இருபது வருடத்தின் பின்பாதியில் என்ன நடந்தது என்பதற்கு அரசாணைகளைவிட இந்தக் கேள்விகள்தான் நல்ல சாட்சி. ஒரு தலைமுறை தமிழை எழுதும் விதம் மாறியது அந்த இடைவெளியில்தான். பழுது நீங்கிவிட்டது. பழுதைச் சமாளிக்கப் பழகிய கை இன்னும் அப்படியே இருக்கிறது.

2. கட்டம் என்றால் என்ன?

முதலில் அந்தக் கட்டத்தைப் பார்ப்போம். ஒவ்வொரு எழுத்துருக் கோப்பிலும் முதல் இடத்தில் ஓர் உருவம் வைத்திருப்பார்கள். 'நீ கேட்ட எழுத்து என்னிடம் இல்லை' என்று சொல்வதற்கான உருவம் அது. பெரும்பாலும் வெறும் செவ்வகம். வெள்ளை வெளேரென்று சதுரமாக இருப்பதால் அச்சு எழுத்துத் துறையில் அதற்கு 'டோஃபு' என்று செல்லப் பெயர், சோயாப்பால் கட்டியின் பெயர். கூகுள் தன் எழுத்துருக் குடும்பத்துக்கு 'நோட்டோ' என்று பெயர் வைத்ததே 'நோ டோஃபு', அதாவது 'இனி கட்டம் இல்லை' என்ற பொருளில்தான்.

ஆகவே கட்டம் தெரிந்தால் தகவல் வந்து சேரவில்லை என்று அர்த்தமில்லை. சரியாகத்தான் வந்திருக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னாலும் ஒரு ககரமோ மகரமோ தன் எண்ணோடு உட்கார்ந்திருக்கிறது. அதற்கு உடுத்த உடை இல்லை, அவ்வளவுதான். அதே செய்தியை எழுத்துரு உள்ள இன்னொரு போனுக்கு அனுப்பினால் அங்கே அழகாகத் தெரியும். 'எனக்கு மட்டும் தெரியலை' என்ற கேள்வியின் அந்த 'எனக்கு மட்டும்' இங்கிருந்து வருவது.

இரண்டாவது கேள்வி, 'கொம்பு தள்ளி நிக்குது', இதைவிடச் சுவாரஸ்யமானது. அங்கே எழுத்துரு இருக்கிறது. ஆனாலும் 'கேள்வி' என்பதில் ககரத்துக்கு முன்னால் வரவேண்டிய இரட்டைக்கொம்பு பின்னால் போய் நிற்கிறது. காரணம், யூனிகோடு தமிழைச் சேமிப்பது நாம் உச்சரிக்கும் வரிசையில்: முதலில் மெய்யின் உரு, பிறகு உயிர்க்குறி. கண்ணுக்குத் தெரிவது வேறு வரிசை. 'கொ' என்றால் ஒரு குறி இரண்டாக உடைந்து, ஒரு பாதி இடப்பக்கமும் மறுபாதி வலப்பக்கமும் போக வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய எழுத்துரு மட்டும் போதாது, எழுத்துகளைக் கோத்துத் தரும் ஒரு மென்பொருளும் வேண்டும். கடையில் பூ வாங்கியாச்சு, கட்ட ஆள் இல்லை என்பது போன்ற நிலை. இன்று ஆண்ட்ராய்டிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் குரோமிலும் அந்தப் பூக்கட்டும் வேலையைச் செய்வது 'ஹார்ஃப்பஸ்' என்ற திறமூல மென்பொருள்.

இந்த வரிசையை யார் முடிவு செய்தது? யூனிகோடு, இந்திய மொழிகளுக்கான அமைப்பை இந்திய அரசின் 'இஸ்கி' தரத்திலிருந்து எடுத்துக்கொண்டது. இஸ்கி எல்லா இந்திய எழுத்துகளையும் ஒரே அச்சில் வார்த்தது. அதன் தடம் இன்றும் யூனிகோட்டின் தமிழ்ப் பட்டியலில் இருக்கிறது. ககரத்துக்கும் ஙகரத்துக்கும் நடுவே மூன்று இடம் காலி. தேவநாகரியில் அங்கே இருக்கும் மூன்று எழுத்துகள் தமிழில் கிடையாது. எழுத்து இல்லை, நாற்காலி மட்டும் போட்டிருக்கிறது. மொத்தம் 128 நாற்காலி. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் கிடையாது. தனித்தனி இடம் தந்திருந்தால் கொம்பு தள்ளிப்போகும் சிக்கலே வந்திருக்காது என்று வாதிட்டவர்கள் பலர். அந்த வாதத்தின் விளைவாக உருவான 'டேஸ் 16' என்ற குறியாக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோட்டோடு சேர்த்து ஏற்றுக்கொண்டது. உலகத்துப் போன்கள் அதற்குள் யூனிகோட்டின் பக்கம் போய்விட்டிருந்தன.

3. எழுபது எழுத்து

காசு போன கதைக்கு வருவோம். எஸ்எம்எஸ் 160 எழுத்துதான் என்று நமக்குத் தெரியும். அந்த 160 எங்கிருந்து வந்தது? ஜெர்மானியப் பொறியாளர் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லெப்ராண்ட், 1985-இல் பான் நகரில் தன் வீட்டில் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, மனதுக்குத் தோன்றிய வாக்கியங்களை அடித்து அடித்து எண்ணிப் பார்த்திருக்கிறார். ஒரு சேதி சொல்ல இவ்வளவு போதும் என்று அவர் கண்டுகொண்ட அளவு 160. போன் அலைவரிசையின் ஓரத்தில் மிச்சமிருந்த இடம் 140 பைட். ஒரு ரோமன் எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்து அதற்குள் அடங்கியது.

தமிழுக்கு 7 பிட் போதாது. யூனிகோட்டில் அனுப்பினால் ஒவ்வொரு குறிக்கும் 16 பிட் வேண்டும். அதே 140 பைட்டில் 70 குறிதான் கொள்ளும். எழுபது எழுத்து என்றால்கூடப் பரவாயில்லை, எழுபது குறி. 'சாப்பிட்டாச்சா' என்பது நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. போனுக்கு அது சகரம், கால், பகரம், புள்ளி, பகரம், கொக்கி என்று நீண்டு பதினான்கு குறி. இடைவெளி விடாமல் ஐந்து தடவை 'சாப்பிட்டாச்சா' கேட்டால் மெசேஜ் நிரம்பிவிடும். அதையே ரோமனில் எட்டெழுத்தில் 'சப்டாச்சா' என்று அடித்தால், இருபது தடவை கேட்கலாம்.

ஒரு மெசேஜுக்கு இவ்வளவு பைசா என்று எண்ணி எண்ணி அனுப்பிய காலம் அது. பூஸ்டர் பேக் போட்டிருந்தாலும் தீபாவளிக்கும் புத்தாண்டுக்கும் செல்லாது. அப்படிப்பட்ட நாளில் தன் மொழியில் வாழ்த்துச் சொல்ல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு காசு தரவேண்டும். யாரும் உட்கார்ந்து தமிழுக்கு எதிராகப் போட்ட சட்டம் இல்லை இது. பான் நகரத்துத் தட்டச்சு இயந்திரத்தில் தமிழ் இல்லை, அவ்வளவுதான் விஷயம். ஆனால் விளைவு சட்டம் போட்டதைவிடப் பலமாக இருந்தது. பேருந்தில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் மெசேஜ் அடித்த மாணவனும் மாணவியும் ரோமனுக்குப் போனார்கள். மொழிப்பற்று இருந்தவர்களும் போனார்கள். பேலன்ஸ் தீர்ந்துபோகும் அல்லவா?

பிற்பாடு தீர்வு வரவில்லை என்று சொல்ல முடியாது. தமிழ், இந்தி, வங்காளம் உள்ளிட்ட பத்து மொழிகளுக்குத் தனித்தனி 7 பிட் அட்டவணைகள் கைப்பேசித் தரத்திலேயே சேர்க்கப்பட்டன. அவற்றைப் பயன்படுத்தினால் தமிழிலும் ஏறத்தாழ ரோமன் அளவுக்கே எழுதலாம். ஆனால் அனுப்பும் போன், பெறும் போன் இரண்டிலும் அந்த அட்டவணை இருக்க வேண்டும். அது பரவலாவதற்குள் வாட்ஸ்அப் வந்துவிட்டது. எழுத்தை எண்ணிக் காசு வாங்கும் காலமே போய்விட்டது.

இந்தக் கதையில் பெயரோடு நினைவில் இருக்கும் ஒரு முயற்சி, மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்'. 'முரசு அஞ்சல்' மூலம் கணினித் தமிழுக்கு ஏற்கெனவே அறிமுகமானவர் அவர். 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் செல்லினம் வெளியானது. போனில் தமிழ் எழுத்துரு இருக்கிறதா என்று அது கேட்கவில்லை, தன் எழுத்துகளைத் தானே கொண்டுவந்தது. ஸ்மார்ட்போன் என்ற சொல்லே நம் பேச்சில் இல்லாத காலத்தில் பட்டன் போனில் தமிழில் எஸ்எம்எஸ் எழுத முடிந்தது. தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் இதில் ஒரு முரண் உண்டு. உலகத்துக்குப் போன் செய்துதந்த நோக்கியாவின் ஆலை 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் ஓடத் தொடங்கியது. போனுக்குள் தமிழைக் கொண்டுபோகும் வேலையோ மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது.

4. யெஸ் என்று மாற்றி சேவ் கொடுங்கள்

அந்தப் பத்தாண்டின் மிகப் புகழ்பெற்ற பதில் என்று ஒன்றைச் சொல்லவேண்டும் என்றால் அது ஓப்ரா மினி வைத்தியம்தான். ஓப்ரா மினி, 2006 ஜனவரியில் உலகெங்கும் வெளியான சின்ன உலாவி. சாதாரண ஜாவா போனில்கூட ஓடும். நீங்கள் கேட்கும் பக்கத்தை நேராக உங்கள் போனுக்குக் கொண்டுவராது. ஓப்ராவின் சர்வர் அதை வாங்கி, சுருக்கி, பொட்டலமாகக் கட்டி அனுப்பும். மெதுவான ஜிபிஆர்எஸ் இணைப்புக்கும், கேபி கணக்கில் தேயும் பேலன்ஸுக்கும் அது வரப்பிரசாதம். ஆனால் தமிழ்ப் பக்கம் திறந்தால் வழக்கம்போலக் கட்டம்.

வைத்தியம் இதுதான். முகவரி அடிக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் 'ஓப்ரா' என்று அடித்து, ஒரு முக்காற்புள்ளி வைத்து, ஒட்டினாற்போல 'கான்ஃபிக்' என்று அடிக்க வேண்டும். இதுவரை பார்த்தே இராத ஒரு பக்கம் திறக்கும். கீழே, கீழே, இன்னும் கீழே போனால் கடைசியில் ஒரு வரி: சிக்கலான எழுத்துமுறைகளுக்குப் பிட்மேப் எழுத்துருவைப் பயன்படுத்தவா? எதிரே 'நோ' என்று இருக்கும். அதை 'யெஸ்' ஆக்கி சேவ் கொடுக்க வேண்டும். அடுத்த முறை பக்கத்தைத் திறந்தால் தமிழ்.

இப்போது படிக்கும் உங்களுக்கு இது ஒரு செட்டிங்ஸ் மாற்றம். அன்று அது மந்திரம் மாதிரி வாய்வழியாகப் பரவியது. புள்ளி பிசகினால் பலிக்காது. 'டாட் காம் சேத்துடாதீங்க', 'நடுவுல ஸ்பேஸ் விடாதீங்க' என்று எச்சரிக்கைகளோடு சொல்லப்பட்டது. வளைகுடாவில் வேலைக்குப் போய், அறையில் கணினி இல்லாமல், கையில் ஒரு நோக்கியாவோடு ஊர்ச் செய்தி படிக்க நினைத்தவருக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

அது வேலை செய்த விதம் இன்னும் யோசிக்க வைக்கிறது. போனிடம் தமிழ் எழுத்து இல்லை. அதனால் ஓப்ராவின் சர்வர் தமிழைத் தன்னிடத்திலேயே எழுதி, அதைப் படமாக மாற்றி அனுப்பியது. நீங்கள் படித்தது எழுத்து இல்லை, எழுத்தின் புகைப்படம். அதனால் பிடித்த வரியை நகலெடுக்க முடியாது. பக்கத்துக்குள் ஒரு சொல்லைத் தேட முடியாது. எழுத்தை விடப் படம் கனம் என்பதால் டேட்டாவும் கூடுதலாகப் போகும். தமிழை வாசிக்கலாம், தொட முடியாது. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்த செப்பேடு மாதிரி.

'சிக்கலான எழுத்துமுறை' என்ற அந்தச் சொல்லையும் கவனிக்கலாம். ஐந்து வயதில் அரிச்சுவடியில் நாம் விரல் வைத்துப் படித்தது, மென்பொருள் உலகின் கலைச்சொல்லில் 'சிக்கலான' ஒன்று. இதில் வசவு எதுவும் இல்லை. இடமிருந்து வலமாக, ஒரு குறிக்கு ஓர் உருவம் என்று வைத்தால் முடிந்துபோகும் எழுத்துகள் எளியவை, மற்றவை சிக்கலானவை என்பது அவர்கள் கணக்கு. அரபி, தாய், தேவநாகரி, தமிழ் எல்லாம் ஒரே கூடையில். ஆனால் எளியது முதல் நாளே தயாராக வரும், சிக்கலானது பட்டியலின் கடைசி வரியில் 'நோ' என்று காத்திருக்கும் என்பது அந்தக் கணக்கின் நடைமுறைப் பொருள்.

5. செங்கல்

ஆண்ட்ராய்டு போன்கள் 2008-இன் கடைசியில் வெளிவந்தன. தொடுதிரை, பெரிய படம், ஆயிரக்கணக்கில் செயலிகள். தமிழ் மட்டும் இல்லை. ஆயிரத்து சொச்ச ரூபாய் பட்டன் போன்களில் சிலவற்றிலாவது தமிழ் மெனு இருந்தது, பத்தாயிரம் கொடுத்து வாங்கிய ஸ்மார்ட்போனில் கட்டம். 'காசு கொடுத்து வாங்கியும் தமிழ் வரலையே' என்ற புலம்பல் அந்த வருடங்களில் சகஜம். சில நிறுவனங்கள் இந்தியாவில் விற்ற போன்களில் தாங்களாகவே எழுத்துருவைச் சேர்த்துத் தந்தன. பலர் தரவில்லை.

இதற்குச் சொல்லப்பட்ட வைத்தியம் ஆபத்தானது. போனை 'ரூட்' செய்து, அதாவது தயாரித்தவர் போட்ட பூட்டை உடைத்து உள்ளே போய், எழுத்துருக்கள் இருக்கும் இடத்தில் இருக்கும் ஒரு கோப்பைத் தூக்கிவிட்டுத் தமிழ் உருவங்களும் சேர்த்த இன்னொரு கோப்பை அதே பெயரில் வைக்க வேண்டும். வாரண்டி போய்விடும். பாதியில் கரண்டு போனாலோ, தவறான மாடலுக்கான கோப்பைப் போட்டாலோ போன் திரும்ப எழாமலும் போகலாம். அப்படி ஆனதற்கு வட்டார வழக்கே உண்டு: 'போன் செங்கல் ஆயிடுச்சு'. வெற்றிகரமாக முடிந்தாலும் பாதி வெற்றிதான். கட்டம் போய்விடும், ஆனால் பூக்கட்ட ஆள் இல்லாத போன் அது. கொம்பு தள்ளியே நிற்கும்.

ஒரு மாதச் சம்பளத்தில் வாங்கிய போனைச் செங்கல் ஆக்கும் அபாயத்தோடு ஏன் இதைச் செய்தார்கள்? யாரும் பரிசு தரவில்லை. தமிழ் படிக்க வேண்டும், அவ்வளவுதான். மொழிக்காகச் செய்த தியாகம் என்று பெரிய சொல் போட்டு இதைக் கெடுக்க வேண்டாம். ஆனால் ஒரு விஷயம் தெளிவு. ஆங்கிலம் படிப்பவருக்குப் போனோடு இலவசமாக வந்ததைத் தமிழ் படிப்பவர் தன் நேரத்தையும் வாரண்டியையும் கொடுத்து வாங்கினார்.

2011 இறுதியில் வெளியான ஆண்ட்ராய்டு 4.0-இலிருந்து தமிழ் உள்ளிருந்தே வரத் தொடங்கியது. 2014-இல் 5.0 வரும்போது நோட்டோ எழுத்துருவும் சேர்ந்துகொண்டது. ஆனாலும் கேள்விகள் உடனே நிற்கவில்லை. கடைகளில் 2.3 பதிப்புப் போன்கள் 2013 வரைகூட விற்றுக்கொண்டிருந்தன, அவற்றில் பலவற்றுக்கு அப்டேட் வரவே இல்லை. 'என் ஃப்ரெண்டு போன்ல வருது, என்னுதுல வரலை. ரெண்டும் ஆண்ட்ராய்டுதானே?' என்ற கேள்விக்கு அன்று நேர்மையான பதில் ஒன்றுதான் இருந்தது: வேறு போன் வாங்குங்கள்.

6. போனே எச்சரிக்கிறது

படிப்பது தீர்ந்ததும் எழுதும் கேள்வி வந்தது. தமிழ்99 விசைப்பலகை, பெயரிலேயே இருப்பது போல, 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றது. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஓர் ஆய்தம், ஆக 31 எழுத்துக்கும் நேரடி விசை. ககரத்தை இரண்டு தடவை தட்டினால் முதல் ககரத்துக்குத் தானாகப் புள்ளி விழும். அவ்வளவு யோசித்துச் செய்தது. ஆனால் அது பத்து விரலுக்காக யோசித்தது. உள்ளங்கை அகலத் திரையில் ஒற்றைக் கட்டைவிரல் என்பது யாரும் கணக்கில் கொள்ளாதது.

ஐபோனில் தமிழ்99-உம் அஞ்சல் விசைப்பலகையும் 2013-இல் ஐஓஎஸ் 7-ஓடு வந்தன. அதற்கு முன்பு தனிச் செயலிக்குள் தமிழில் எழுதி, நகலெடுத்து, வேண்டிய இடத்தில் ஒட்ட வேண்டும். ஆண்ட்ராய்டில் வெளியார் விசைப்பலகைகளைப் பொருத்திக்கொள்ள முதலிலேயே வழி இருந்தது. ஆனால் பொருத்தும் நேரத்தில் போன் ஓர் எச்சரிக்கை காட்டும். நீங்கள் தட்டும் எல்லாவற்றையும், பாஸ்வேர்டு, கிரெடிட் கார்டு எண் உட்பட, இந்தக் கீபோர்டு சேகரிக்கக்கூடும். சம்மதமா?

எந்த மொழிக் கீபோர்டுக்கும், எவ்வளவு யோக்கியமான கீபோர்டுக்கும், அதே எச்சரிக்கைதான். ஆனால் ஆங்கிலத்தில் மட்டும் எழுதுபவர் அதைப் பார்க்கவே வேண்டாம், அவருடைய கீபோர்டு போனோடு வந்தது. தமிழில் எழுத நினைத்தவர் எடுத்த எடுப்பில் பார்த்தது அந்த வாசகத்தைத்தான். புதிதாகப் போன் வாங்கிய ஐம்பது வயது ஆசிரியர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். பேங்க் அக்கவுண்ட் அந்த நம்பரில் இருக்கிறது. 'திருடக்கூடும்' என்று போனே சொல்கிறது. 'வேணாம்பா, இங்கிலீஷ்லயே அடிச்சிக்கிறேன்' என்றுதான் சொல்வார். அது நியாயமான முடிவுதான். எச்சரிக்கையும் பொய்யில்லை, கீபோர்டு என்பது நாம் எழுதும் எல்லாவற்றையும் பார்க்கும் இடத்தில் இருப்பது. ஆனால் அந்த எச்சரிக்கையின் முழுச் சுமையும் தாய்மொழியில் எழுத நினைத்தவர் தலையில் விழுந்தது.

பிறகு வரிசையாகக் கதவுகள் திறந்தன. கூகுளின் கையெழுத்து உள்ளீடு 2015-இல் வந்தது. விரலால் திரையில் எழுதினால் எழுத்தாகும். அச்சுக் கீபோர்டு பழகாத தாத்தா பாட்டிகளுக்கு அது கிட்டத்தட்டப் பழைய சிலேட்டு. 2017-இல் தமிழில் பேசினால் எழுத்தாகும் வசதியை கூகுள் தந்தது. இந்தியாவில் விற்கும் போன்கள் 22 அட்டவணை மொழிகளையும் படிக்கக் காட்ட வேண்டும் என்று இந்திய அரசும் ஒரு தரத்தைக் கட்டாயமாக்கியது. முதலில் சொன்ன காலக்கெடு 2017 ஜூலை. அதற்குள் பெரும்பாலான ஸ்மார்ட்போன்களில் வேலை முடிந்திருந்தது. சட்டம் வந்தபோது கேள்வி ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது.

7. மிஞ்சியது

ஆக, ஒரு பதினைந்து வருடத்துக்குள் கட்டமும் போனது, கொம்பும் தன் இடத்துக்கு வந்தது, காசுக் கணக்கும் ஒழிந்தது. இதைவிட மோசமாக நடந்திருக்கலாம். மியான்மரைப் பாருங்கள். அங்கே யூனிகோடு சரியாகத் தெரியாத காலத்தில் 'ஸாஜீ' என்ற தற்காலிக எழுத்துரு பரவியது. போன்கள் அந்த எழுத்துருவோடேயே நாடெங்கும் விற்றன. தற்காலிகம் நிரந்தரமானது. 2019 அக்டோபர் 1-ஆம் தேதி நாடு முழுக்க யூனிகோட்டுக்கு மாறுவதாக அறிவித்து, அவரவர் போனையும் மாற்றச் சொல்லும் நிலைக்கு வந்தார்கள். நம்மிடமும் டிஸ்கி, டாப், பாமினி என்று யூனிகோட்டுக்கு முந்தைய முறைகள் பல இருந்தன. எதுவும் போனைப் பிடிக்கும் அளவுக்குப் பரவவில்லை. கணினியில் நடந்த குழப்பம் போனுக்குள் வராமல் தப்பித்தோம்.

ஆனால் நமக்கும் ஒரு ஸாஜீ உண்டு என்று நினைக்கிறேன். அது ரோமன் எழுத்து. எழுத்துரு வேண்டாம், கீபோர்டு வேண்டாம், எந்தப் போனிலும் தெரியும், 160-உம் கிடைக்கும். தற்காலிக ஏற்பாடாக வந்து தங்கிவிட்டது.

எல்லாப் பழியையும் பழுதின் மேல் போடுவதும் சரியில்லை. இணையத்தின் தொடக்கத்திலிருந்தே தமிழர்கள் ரோமனில் அரட்டை அடித்திருக்கிறார்கள். ஆங்கிலவழிப் பள்ளி ஒரு காரணம். ரோமனில் எழுதும்போது பேச்சுத் தமிழ் கூச்சமில்லாமல் வருகிறது என்பது இன்னொன்று. தமிழ் எழுத்தில் 'வந்துட்டு இருக்கேன்' என்று எழுதினால் தமிழாசிரியர் பின்னால் நிற்பது போல ஒரு உணர்வு, ரோமனில் அவர் இல்லை. ரோமன் ஓர் இளைப்பாறும் இடமாகவும் இருந்தது. ஆனால் தேர்வு என்று ஒன்று இருக்கவேண்டுமானால் இரண்டு கதவும் திறந்திருக்க வேண்டும். 2005-இல் பதினைந்து வயதாக இருந்த ஒருவருக்கு ஒரு கதவுதான் திறந்திருந்தது. இரண்டாவது கதவு திறந்தபோது அவருக்கு இருபத்தைந்து வயது. கட்டைவிரலுக்கு அதற்குள் ஒரு வழி பழகிவிட்டது. இன்று அவர் நாவலைத் தமிழ் எழுத்தில் படிக்கிறார், படித்ததைப் பற்றி நண்பருக்கு ரோமனில் எழுதுகிறார். இந்த இதழைப் படிக்கும் உங்களில் எத்தனை பேர் இந்தக் கட்டுரையின் இணைப்பை அனுப்பும்போது பக்கத்தில் இரண்டு வார்த்தை ரோமனில் அடிப்பீர்கள்?

1978-இன் சீர்திருத்தம் 'னை', 'லை' போன்ற எழுத்துகளின் உருவத்தை மாற்றியது. அது அரசாணையோடு வந்தது, முன்னும் பின்னும் விவாதம் நடந்தது, யார் செய்தார்கள் என்று நமக்குத் தெரியும். தமிழை எந்த எழுத்தில் எழுதுவது என்ற இந்த மாற்றம் அதைவிடப் பெரியது. இதற்கு ஆணை இல்லை, விவாதம் இல்லை, நாள் இல்லை. ஒரு செட்டிங்ஸ் பக்கத்தின் கடைசி வரியில் இருந்த 'நோ'தான் இருந்தது. அதனால்தான் அந்தக் கேள்விகளை வரலாறாகப் படிக்க வேண்டும் என்கிறேன். வேறெங்கும் இது பதிவாகவில்லை.

இன்றைய கேள்வி வேறு மாதிரி மாறியிருக்கிறது. "அம்மா போன் தெரியாம தமிழுக்கு மாறிடுச்சு. எப்படி இங்கிலீஷுக்கு மாத்துறது?" எழுத்து தெளிவாகத் தெரிகிறது. சொல்தான் புரியவில்லை. 'அமைப்புகள்', 'பயன்முறை', 'முடக்கு', 'ஒத்திசைவு' என்று போன் பேசும் தமிழ் அம்மாவின் தமிழும் இல்லை, மகளின் தமிழும் இல்லை. அம்மாவுக்கு அது 'செட்டிங்ஸ்'. மெனுவில் அந்தச் சொல் இல்லாததால் எங்கே போவது என்று தெரியாமல் இருவரும் நிற்கிறார்கள். எழுத்தை உள்ளே கொண்டுவர இருபது வருடம் போராடினோம், சொல்லை உள்ளே வைத்தவர்கள் நம்மைக் கேட்கவில்லை.

இந்தக் கேள்விக்கும் ஒரு பதில் இருக்கிறது. பல்சக்கரப் படத்தைத் தொடுங்கள். 'மொழி' என்ற சொல்லைத் தேடுங்கள், அதற்குள் போங்கள். அங்கே வரும் பட்டியலில் ஒவ்வொரு மொழியின் பெயரும் அந்தந்த எழுத்திலேயே எழுதியிருக்கும். வழி தெரியாமல் எந்த மொழியில் மாட்டிக்கொண்டவரும் தன்னுடையதைக் கண்டுபிடித்துத் திரும்ப வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆங்கிலம் ரோமனில் இருக்கும். அரபி அரபியில் இருக்கும். கீழே போனால், தெலுங்குக்குப் பக்கத்தில், ஐந்து குறியால் ஆன மூன்றெழுத்தில் தமிழ் இருக்கும். கட்டம் இல்லாமல்.